தனி வகுப்புக்கு எவ்வளவு கொடுக்கலாம்? ஸ்கூபா கற்க வருபவர்களுக்கு ஒரு கணக்கு

முதுகில் காற்று டேங்க்கை மாட்டிக்கொண்டு தண்ணீருக்கடியில் சுவாசித்து நீந்தும் ஸ்கூபாவைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு டைவிங் கடைப் படியேறியபோது எனக்கு 41 வயது. குழு வகுப்புக்கு ஒரு தொகை சொன்னார்கள். தனி வகுப்புக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். "ரெண்டுலயும் அதே பாடம்தானேண்ணா, ஏன் இவ்வளவு வித்தியாசம்?" என்று கேட்டேன். கடைக்கார அண்ணன் முகம் சுளிக்கவில்லை. பில் புத்தகத்தின் பின்னட்டையைத் திருப்பி, நடுவில் ஒரு கோடு கிழித்தார். "இடது பக்கம் எத்தனை பேர் வந்தாலும் ஆளுக்கு ஆள் தனியா ஆகுற செலவு. வலது பக்கம் வர்றவங்களுக்குள்ள பிரியுற செலவு" என்றார். இன்றுவரை யார் என்னிடம் கட்டணம் பற்றிக் கேட்டாலும் அதே கோட்டைத்தான் நானும் கிழித்துக் காட்டுகிறேன். இப்போது வார இறுதிகளில் அதே கடையில் டேங்குகளுக்குக் காற்று நிரப்புகிறேன். அதனால் இந்தக் கணக்கின் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

இடது பக்கத்தில் வருபவை: இணையவழிப் பாடத்துக்கும் சான்றிதழ் அட்டைக்கும் பயிற்சி நிறுவனத்துக்குப் போகும் தொகை, உங்களுக்கான ரெகுலேட்டர் (டேங்க் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி), பி.சி.டி. (மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் காற்றுச் சட்டை), வெட்சூட் (உடல் சூட்டைக் காக்கும் உடை) வாடகை, நீங்கள் சுவாசிக்கும் காற்று. நீங்கள் ஒருவராக வந்தாலும் எட்டுப் பேரோடு வந்தாலும் இந்தப் பக்கம் மாறாது. வலது பக்கத்தில் வருபவை: பயிற்சியாளரின் நேரம், நீச்சல் குள வாடகை, படகு, படகோட்டி, டீசல். ஆறு பேர் வந்தால் ஆளுக்கு ஆறில் ஒரு பங்கு. ஒருவர் மட்டும் வந்தால் முழுதும் அவர் தலையில்.

தனி வகுப்புக் கட்டணத்தைச் சொல்லும்போது கடைக்காரரிடம் இந்த இரண்டு பக்கத்தையும் பிரித்துக் கேளுங்கள். இடது பக்கத் தொகையும் கூடியிருந்தால் காரணம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வலது பக்கம் கூடியிருப்பது நியாயம். ஆனால் அது ஆறு மடங்காகவும் ஆகாது. காரணம், தனியாகக் கற்கும்போது மணிநேரம் குறைகிறது. கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் வெளியேற்றும் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் செய்து காட்ட 3 நிமிடம் என்றால் ஆறு பேருக்கு 18 நிமிடம். அதில் 15 நிமிடம் நீங்கள் குளத்தின் அடியில் முட்டிபோட்டு, உடம்பு சில்லிட, உங்கள் முறைக்குக் காத்திருப்பீர்கள். தனி வகுப்பில் அந்த 18 நிமிடமும் உங்களுடையது.

பலர் கணக்கில் சேர்க்காத ஒன்று பயிற்சியாளரின் கண்ணுக்குத் தெரியாத நேரம். நீங்கள் தண்ணீரில் பார்ப்பது இரண்டு மணி நேரம். அவர் அதற்கு முன்பே வந்து டேங்க் அழுத்தம் பார்த்து, நீங்கள் மிதந்துவிடாமல் இறங்க உங்கள் அளவுக்கு வெயிட் எடுத்து வைத்து, நீங்கள் போன பிறகு எல்லாவற்றையும் நன்னீரில் அலசிக் காயப்போட்டு, பதிவேட்டில் எழுதி முடிக்கிறார். ஒவ்வோர் ஆண்டும் பயிற்சி நிறுவனத்துக்குப் புதுப்பிப்புக் கட்டணம் கட்டுகிறார், தொழில்முறைக் காப்பீடு எடுக்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு இவ்வளவா என்று கேட்கும் முன் இதை நினைத்துப்பாருங்கள். எங்கு வேண்டுமானாலும் பேரம் பேசுங்கள், தண்ணீருக்கடியில் உங்களைப் பார்த்துக்கொள்ளப்போகிறவரின் மணிநேரத்தில் மட்டும் பேசாதீர்கள்.

யாருக்குத் தனி வகுப்பு தேவை

என் கதையையே சொல்கிறேன். அந்தக் கட்டணத்தைக் கேட்டுவிட்டு நான் திரும்பி வந்தேன். இன்னோர் இடத்தில் குழு வகுப்பில் சேர்ந்தேன். ஒரு பயிற்சியாளருக்கு எட்டுப் பேர். விதிப்படி அது சரிதான். பி.ஏ.டி.ஐ. போன்ற பயிற்சி நிறுவனங்கள் குளத்துக்கு வெளியே, கடல் போன்ற திறந்த நீரில் நடக்கும் பயிற்சியில் உதவியாளர் இல்லாத ஒரு பயிற்சியாளருக்கு எட்டு மாணவர் வரை அனுமதிக்கின்றன. ஆனால் எட்டு என்பது உச்சவரம்பு. எட்டுப் பேரில் ஒருவர் தடுமாறினால் மற்ற ஏழு பேரும் நிற்க வேண்டும்.

தடுமாறியது நான். எனக்கு நீச்சல் நன்றாக வரும். ஆனால் மாஸ்க்கை முழுவதுமாகக் கழற்றியதும் மூக்கில் தண்ணீர் ஏறியது. நெஞ்சு படபடத்தது. மூச்சை அடக்கிக்கொண்டு, 2 மீட்டர் ஆழத்திலிருந்து விருட்டென்று மேலே வந்துவிட்டேன். அன்று அது எவ்வளவு தவறு என்று எனக்குப் புரியவில்லை. டேங்க் காற்றைச் சுவாசித்தபின் மூச்சை அடக்கியபடி மேலேறினால், அழுத்தம் குறையக் குறைய நுரையீரலுக்குள் இருக்கும் காற்று விரியும். 2 மீட்டர் என்பதால் ஆபத்தில்லை என்று அர்த்தமில்லை. ஸ்கூபாவின் முதல் விதியே 'மூச்சை ஒருபோதும் அடக்காதே' என்பதுதான். அந்தப் பயிற்சியாளர் "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றார். அடுத்த தடவை பாதி செய்தேன். அதற்கடுத்த தடவை நேரமாகிவிட்டது என்று அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள். நான் அந்த வகுப்பை அதோடு நிறுத்திக்கொண்டேன். கட்டிய பணம் திரும்பவில்லை.

பிறகு முதல் கடைக்கே போனேன். முழுப் பயிற்சியும் தனியாக வேண்டாம், இந்த ஒரு பயத்துக்கு மட்டும் இரண்டு அமர்வு தனியாகத் தர முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றார் அண்ணன். பயிற்சியாளர் ஒரு அக்கா. முதல் அரை மணி நேரம் டேங்க்கைத் தொடவே விடவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நிற்கச் சொல்லி, வாயில் ஸ்நார்க்கல் என்ற சுவாசக் குழாய் மட்டும் கொடுத்து, மாஸ்க் இல்லாமல் முகத்தைத் தண்ணீரில் வைக்கச் சொன்னார். மூக்கில் ஏறியது. நிமிர்ந்தேன்.

"முகத்த மேல தூக்காதீங்க. தரையப் பாருங்க. மூக்குத் துவாரம் கீழ பார்த்து இருந்தா உள்ள இருக்கற காத்தே தண்ணிய உள்ள விடாது. அவசரமே இல்ல, நாம ரெண்டு பேர்தான் இருக்கோம்."

மீண்டும் வைத்தேன். மூக்கின் நுனியில் தண்ணீர் தொட்டுத் தொட்டு விலகுவது தெரிந்தது. அங்கேயே நின்றது, உள்ளே வரவில்லை. வாயால் இழுத்து வாயால் விட்டேன். அக்கா தண்ணீருக்குள் கையைக் கொண்டுவந்து, என் கண்ணெதிரே மங்கலாக ஒவ்வொரு விரலாக மடக்கி எண்ணினார். முதல் முறை 20 நொடி. பிறகு 40. மாஸ்க் இல்லாமல் ஒரு நிமிடமாவது சுவாசிக்க வேண்டும் என்பது ஓப்பன் வாட்டர் எனப்படும் தொடக்க நிலைப் பயிற்சியில் ஒரு தேவை. முதல் நாள் முடியும்போது ஸ்நார்க்கலோடு ஒரு நிமிடத்தைத் தாண்டிவிட்டேன். இரண்டாம் நாள் அதையே ரெகுலேட்டரோடு குளத்தடியில் செய்தேன். குழு வகுப்பில் மூன்று வாரம் வராதது இரண்டு அமர்வில் வந்தது. அந்த அக்கா பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. எனக்குத் தேவைப்பட்டது நேரம் மட்டும்தான். தனி வகுப்பில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவதும் அந்த நேரத்தைத்தான்.

ஆகவே உங்களிடம் குறிப்பிட்ட ஒரு தடை இருந்தால் தனி வகுப்பு எடுங்கள். மூக்கு, காது, பயம், கண்பார்வை, காது கேளாமை, உடல்வாகு, எதுவாகவும் இருக்கலாம். காது விஷயத்தில் சிலருக்கு இது மிகவும் தேவைப்படும். மேற்பரப்பிலிருந்து 10 மீட்டர் இறங்குவதற்குள் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடுகிறது, காற்றின் கன அளவு பாதியாகிறது. காதில் வலி வருவதும் பெரும்பாலும் இந்த முதல் சில மீட்டரில்தான். மெதுவாக, அரை மீட்டருக்கு ஒருமுறை நின்று, காதுக்குள் அழுத்தத்தைச் சமன் செய்து இறங்க வேண்டியவரைக் குழு இழுத்துக்கொண்டு போகக் கூடாது. 10 வயது நிரம்பிய பிள்ளைகள் ஜூனியர் ஓப்பன் வாட்டர் கற்கலாம், அவர்களுக்கும் தனி வகுப்பு நல்லது. சில ஆண்டு இடைவெளிக்குப் பிறகு மறுபடி டைவ் செய்யப் போகிறவர்கள் ஒரே ஓர் அமர்வு தனியாக எடுத்தால் போதும். செலவழிக்கும் காசுக்கு இதைவிட அதிகப் பலன் தருவது எதுவும் இல்லை என்பேன்.

தண்ணீரில் பயமில்லாதவர், புதிய மனிதர்களோடு பழகுவதில் தயக்கமில்லாதவர் என்றால் நல்ல சிறிய குழுவே போதும். ஒரு வகையில் அதுதான் மேலும்கூட. ஸ்கூபாவில் பொதுவாகக் கூட்டாளி இல்லாமல் இறங்குவதில்லை. கூட்டாளியின் காற்றளவைக் கேட்பது, அவர் பின்தங்கினால் கவனிப்பது, அவருக்குக் காற்று தீர்ந்தால் உங்கள் மாற்று ரெகுலேட்டரைக் கொடுப்பது எல்லாம் பாடத்தின் பகுதி. முழுவதும் தனியாகவே கற்றால் உங்கள் கூட்டாளி எப்போதும் பயிற்சியாளராகவே இருப்பார். அவர் எதையும் மறக்கமாட்டார், காற்றை வீணாக்கமாட்டார், தடுமாறமாட்டார். பிறகு உண்மையான, தடுமாறுகிற ஒரு கூட்டாளியோடு கடலில் இறங்கும்போது கை ஓடாது. தனியாகவே முழுப் பயிற்சியும் எடுத்தவர்கள் சிலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன். மிதப்புக் கட்டுப்பாடு அருமையாக இருக்கும், பக்கத்தில் இருப்பவரைத் திரும்பியே பார்க்கமாட்டார்கள்.

மொத்தமாக வாங்காதீர்கள், மணிநேரமாக வாங்குங்கள்

நான் பரிந்துரைக்கும் வழி இதுதான். பாடம் வீட்டில் இணையவழியே படியுங்கள். குளப் பயிற்சியில் உங்களுக்குக் கடினமான பகுதியை மட்டும் தனியாக எடுங்கள். கடல் டைவ்களைச் சிறு குழுவோடு செய்யுங்கள். ஓப்பன் வாட்டர் பயிற்சியில் நான்கு திறந்த நீர் டைவ்கள் உண்டு, எல்லாம் 18 மீட்டருக்குள். படகுச் செலவு விழுவது அங்கேதான். குழுவாகப் போனால் பெரிய தொகை மிச்சமாகும். பெரும்பாலான கடைகள் இந்தக் கலவையைத் தாங்களாகச் சொல்வதில்லை. விலைப்பட்டியலில் அப்படி ஒரு வரி இருக்காது. கேட்டால் செய்து தருவார்கள்.

இரண்டு பேராகச் சேர்ந்து எடுப்பது இன்னொரு நல்ல வழி. துணைவரோ நண்பரோ கூட வந்தால் வலது பக்கச் செலவு சரிபாதியாகிவிடும், கூட்டாளிப் பாடமும் உயிரோடு இருக்கும். ஒரே எச்சரிக்கை: இருவரில் ஒருவருக்குப் பயம் அதிகம் என்றால், அந்தப் பகுதியை மட்டும் அவர் தனியாகச் செய்யட்டும். பக்கத்தில் துணைவர் பொறுமையாகக் காத்திருப்பதே சிலருக்குப் பெரிய அழுத்தம்.

பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பலர் இதை மாற்றிச் செய்து இழப்பைச் சந்திக்கிறார்கள். மருத்துவக் கேள்வித்தாளை முதலில் வாங்கி வீட்டில் உட்கார்ந்து நிரப்புங்கள். ஆஸ்துமா, இதயம், காது அறுவை, வலிப்பு என்று பல கேள்விகள் இருக்கும். சிலவற்றுக்கு 'ஆம்' என்றாலே மருத்துவர் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறக்கமாட்டார்கள், இறக்கவும் கூடாது. முன்பணம் கட்டி, விடுப்பு எடுத்து, முதல் நாள் காலை குளக்கரையில் நின்று அந்தத் தாளை நிரப்பியவர்கள் அங்கேயே திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன். பொய் எழுதி இறங்கிவிடலாம் என்ற எண்ணம் வேண்டாம். அந்தத் தாள் உங்கள் உயிருக்கானது.

காசு கொடுக்காமல் நீங்களே செய்துகொள்ளக்கூடியவையும் உண்டு. ஓப்பன் வாட்டர் பயிற்சியில் 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், நேரக் கெடு கிடையாது. மாஸ்க், ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு), ஸ்நார்க்கலோடு என்றால் 300 மீட்டர். 10 நிமிடம் பிடிமானம் இல்லாமல் மிதக்க வேண்டும். இவற்றை உங்களுக்குப் பழக்கமான குளத்தில், பக்கத்தில் ஒருவர் இருக்க, முன்பே பழகிவிட்டு வாருங்கள். நான் மேலே சொன்ன ஸ்நார்க்கல் பயிற்சியையும் இடுப்பளவு தண்ணீரில் அப்படியே செய்யலாம். பயிற்சியாளரின் மணிநேரத்தை இதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை. ஆனால் யாரிடமாவது டேங்க் இரவல் வாங்கி நீங்களாகப் பழகுவது மட்டும் கூடவே கூடாது.

விடுமுறைக்குப் போகிற இடத்தில் கற்றுக்கொள்ளலாமே என்று பலர் நினைக்கிறார்கள். கற்கலாம். ஆனால் விடுமுறையின் பாதி நாள் குளத்தில் போகும். தொடர்ந்து சில நாள் டைவ் செய்தால் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. அதில் கடைசி நாளும் போய்விடும். அதற்குப் பதில், பாடத்தையும் குளப் பயிற்சியையும் உங்களுக்கு அருகில் உள்ள கடையில் முடித்து, இதுவரை முடித்ததைக் காட்டும் பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொண்டு போனால், நான்கு கடல் டைவ்களை மட்டும் அங்கே செய்யலாம். பி.ஏ.டி.ஐ.யில் அந்தச் சீட்டு 12 மாதம் செல்லும். உள்ளூர்க் கடைக்கு வேலை கிடைக்கிறது, உங்களுக்கு விடுமுறை மிஞ்சுகிறது.

எந்த நிறுவனத்தின் அட்டை நல்லது என்று கேட்காதவர்கள் இல்லை. சி.எம்.ஏ.எஸ். 1959ல் தொடங்கியது, பி.ஏ.டி.ஐ. 1966ல், எஸ்.எஸ்.ஐ. 1970ல். தொடக்க நிலைப் பயிற்சிக்கு ஐ.எஸ்.ஓ. 24801 என்ற சர்வதேசத் தரமே இருக்கிறது. இவற்றில் எந்த அட்டையும் பெரும்பாலான இடங்களில் செல்லும். அட்டையைப் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுக்காதீர்கள், பயிற்சியாளரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

அவரிடம் நேரில் பேசுங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் கேட்டால் கொடுக்காத பயிற்சியாளரிடம் பணம் கட்ட வேண்டாம். எனக்கு இந்த இடத்தில் பயம் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள், அவர் என்ன பதில் சொல்கிறார் என்று கவனியுங்கள். "அதெல்லாம் தானா சரியாயிடும்" என்றால் யோசியுங்கள். "எப்போ அப்படி ஆச்சு, என்ன செஞ்சீங்க?" என்று திருப்பிக் கேட்டால் அவரிடம் கற்கலாம். கூடவே இவற்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள்: ஓர் அமர்வு என்பது எத்தனை மணி நேரம், அதில் தண்ணீருக்குள் எவ்வளவு, குறித்த அமர்வுகளுக்குள் ஒரு பயிற்சி வரவில்லை என்றால் கூடுதல் அமர்வுக்கு என்ன கட்டணம், அன்று காது அடைத்திருந்தால் அல்லது கடல் சரியில்லை என்றால் பணம் என்ன ஆகும், 'தனி' என்றால் உண்மையிலேயே நீங்கள் மட்டும்தானா. கடைசிக் கேள்வி வீண் கேள்வி அல்ல. தனி என்று சொல்லிவிட்டு அன்று காலை இன்னொருவரைச் சேர்த்துவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது.

கடை சாராமல் தனியாகக் கற்றுத்தரும் பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள், அவர்களில் மிக நல்லவர்களும் உண்டு. அவருடைய உறுப்பினர் எண்ணைக் கேட்டு வாங்கி, பயிற்சி நிறுவனத்திடம் அவர் இந்த ஆண்டு செயலில் இருக்கிறாரா என்று சரிபாருங்கள். காப்பீடு இருக்கிறதா, டேங்க்கை எங்கே நிரப்புகிறார், அவசரத்துக்கு ஆக்சிஜன் பெட்டி கொண்டுவருவாரா என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் நேரான பதில் வராத மலிவு விலை எனக்கு வேண்டாம்.

கடையை ஏன் காப்பாற்ற வேண்டும், எப்படி

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, டேங்க்குக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் கம்ப்ரசரை ஓடவிடுவேன். அதற்கு முன் வெளியே போய், காற்று உறிஞ்சும் குழாய்க்குப் பக்கத்தில் எந்த வண்டியும் ஓடிக்கொண்டிருக்கவில்லை என்று பார்க்க வேண்டும். வண்டிப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. டேங்க்குக்குள் போய்விட்டால் ஆழத்தில் அழுத்தத்தோடு சேர்ந்து இன்னும் மோசமாக வேலை செய்யும். பிறகு ஃபில்டர் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பலகையில் பார்ப்பேன். எண்ணெய் ஆவியையும் ஈரத்தையும் பிடிக்கும் அந்த ஃபில்டரைக் கணக்குப்படி மாற்றியே ஆக வேண்டும், நன்றாகத்தானே இருக்கிறது என்று தள்ளிப்போட முடியாது. ஒவ்வொரு டேங்க்கையும் திருப்பி, அதன் கழுத்துக்குக் கீழே குத்தியிருக்கும் சோதனைத் தேதியைப் படிப்பேன். பல நாடுகளில் 5 ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை, ஆண்டுக்கு ஒருமுறை உட்புறப் பார்வைச் சோதனை. தேதி தாண்டியிருந்தால் நிரப்பமாட்டேன், உரியவர் யாராக இருந்தாலும் சரி.

நிரப்பும்போது டேங்க் சூடாகும். கை வைத்தால் தெரியும். அவசரமாக 200 பார் (அழுத்தத்தின் அளவு) ஏற்றினால், ஆறியதும் அழுத்தமானியின் முள் இறங்கிவிடும். டைவர் படகில் மாட்டிப் பார்த்துவிட்டு ஏன் குறைவாக இருக்கிறது என்பார். அதனால் மெதுவாக ஏற்ற வேண்டும். 12 லிட்டர் டேங்க்கில் 200 பார் என்றால் 2,400 லிட்டர் காற்று. இவ்வளவு வேலைக்குக் கடை வாங்கும் தொகை மிகக் குறைவு. என் கடையில் காற்றில் லாபம் இல்லை. பயிற்சியிலும் சாமான் விற்பனையிலும் வருவதுதான் கம்ப்ரசரை ஓடவைக்கிறது. கடை மூடினால் முதலில் போவது காற்று. பிறகு டேங்க்கைத் தூக்கிக்கொண்டு எத்தனை மணி நேரம் பயணம் போக வேண்டும் என்று யோசியுங்கள்.

கடைக்கு வந்து, அரை மணி நேரம் அண்ணனை நிற்கவைத்து, ஒன்பது மாஸ்க் போட்டுப் பார்த்து, எது பொருந்துகிறது என்று தெரிந்ததும் பெட்டியைப் படம் பிடித்துக்கொண்டு இணையத்தில் வாங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கிறது. அந்த அரை மணி நேரம்தான் கடையின் சரக்கு. மாஸ்க் ஒவ்வொரு முகத்துக்கும் வேறு. வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுத்தால், கையை எடுத்த பிறகும் விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். நெற்றி முடி ஒன்று இடையில் சிக்கினாலும் கசியும், சிரிக்கும்போது கன்னத்தில் விழும் கோடு வழியாகக் கசியும். இதைப் பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். விலை கூடுதலாகத் தெரிந்தால் நேராகக் கேளுங்கள்: "அண்ணே, வெளிய இந்த விலைக்குக் கிடைக்குது, உங்களால எவ்வளவு குறைக்க முடியும்?" முடிந்ததைக் குறைப்பார். அப்படியும் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் அந்த வித்தியாசத்தை அரை மணி நேரக் கூலியாக எண்ணிக் கொடுங்கள்.

எல்லாவற்றையும் கடையில் வாங்குங்கள் என்று சொல்லவில்லை. புதிதாகக் கற்பவர் மாஸ்க், ஸ்நார்க்கல், காலுக்குச் சரியான ஃபின், பூட் வாங்கினால் போதும். ரெகுலேட்டரையும் பி.சி.டி.யையும் முதல் ஆண்டு வாடகைக்கு எடுங்கள். இரண்டு மூன்று வகை போட்டுப் பார்த்த பிறகுதான் உங்களுக்கு எது வேண்டும் என்றே தெரியும். இதைச் சொல்லி, விற்க வேண்டிய பெரிய சாமானைத் தள்ளிப்போடும் கடைக்காரர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். பிறகு ரெகுலேட்டர் வாங்கும்போது, அதை ஆண்டுக்கு ஒருமுறை பிரித்து, கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களை (ஓ-ரிங்) மாற்றிச் சரிபார்க்கப்போகிறவர் யார் என்று பார்த்து வாங்குங்கள். அந்த பிராண்டுக்கு உதிரிபாகம் வைத்திருக்கிற கடையில் வாங்கினால், பயணத்துக்கு முந்தின நாள் கசிந்தாலும் ஒரு வழி இருக்கும்.

ஆள் இல்லாத பருவத்தில் போவது கடைக்குப் பேருதவி. அப்போதுதான் தனி அமர்வுகள் எளிதில் கிடைக்கும், பயிற்சியாளரும் களைப்பில்லாமல் இருப்பார். கட்டணத்தில் சலுகையும் தாங்களாகவே தருவார்கள். வார நாள் காலை என்றால் குளம் முழுக்க உங்களுக்கே.

ஆனால் உள்ளூர்க் கடை என்பதற்காக எதையும் பொறுத்துக்கொள்ள வேண்டாம். காற்றில் எண்ணெய் வாடையோ புகை வாடையோ அடித்தால் அந்த டேங்க்கைத் தொடாதீர்கள், அன்றைக்கு டைவ் வேண்டாம். டேங்க் தேதி தாண்டியிருந்தால், மருத்துவத் தாளைக் கேட்காமலே தண்ணீரில் இறக்கினால், வராத பயிற்சியை வந்ததாக எழுதிக் கொடுத்தால், வெளியே வந்துவிடுங்கள். அட்டையில் பெயர் வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட ஒன்றுமில்லை. வராத அந்தப் பயிற்சி 15 மீட்டரில் தேவைப்படும்போது கையில் இருக்காது. பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் பயிற்சி நிறுவனத்துக்கு எழுதுங்கள், புகார்களை விசாரிக்க அங்கே ஏற்பாடு இருக்கிறது. முதல் வகுப்பில் எனக்கு நடந்ததை நான் எழுதவில்லை. இன்றைக்கு என்றால் எழுதியிருப்பேன்.

தனி அமர்வு முடிந்ததும் உடனே ஓடிவிடாதீர்கள். தலை துவட்டிக்கொண்டு, பயிற்சியாளரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து, எது வந்தது, எது இன்னும் வரவில்லை என்று பதிவுப் புத்தகத்தில் அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். அடுத்த அமர்வுக்கு வேறு பயிற்சியாளர் வந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது, அந்த நேரத்துக்கான காசும் மிச்சம். என் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அக்காவின் கையெழுத்து இன்னும் இருக்கிறது, ஈரம் பட்டு மை கொஞ்சம் பரவியிருக்கிறது: "மாஸ்க் இல்லாமல் 1 நிமிடம் 10 நொடி. மூச்சு சீராக. அடுத்து: காது, மெதுவாக."